மின்சாரம் வந்த வீட்டில் என்ன மாறியது? திருகோணமலைக் கிராமங்களில் பதிவுசெய்வதற்கு ஒரு வழிகாட்டி

ஒரு கிராமத்துக்கு மின்சாரம் வந்துவிட்டதா என்று கேட்டால், இத்தனை வீடுகளுக்கு இணைப்புக் கொடுத்தாயிற்று என்ற பதிலே வழக்கமாகக் கிடைக்கும். கம்பி எதுவரை வந்தது என்பதை அந்த எண் சொல்லும். வீட்டுக்குள் அது என்ன செய்தது என்பதைச் சொல்லாது. இந்தியாவில் 2004ஆம் ஆண்டு முதல் பின்பற்றப்பட்ட வரைவிலக்கணத்தின்படி, பொது இடங்களுக்கும் 10 வீதமான வீடுகளுக்கும் மின்சாரம் கிடைத்தாலே அது மின்மயமான கிராமம். அதனால்தான் 2018 ஏப்ரலில் எல்லாக் கிராமங்களும் மின்மயமாகிவிட்டதாக அங்கே அறிவிக்கப்பட்டபோதும், இணைப்பில்லாத வீடுகள் கோடிக்கணக்கில் இருந்தன. இலங்கையில் வீடுகளையே எண்ணுகிறோம். அந்தக் கணக்கு நூறு வீதத்தைத் தொட்டுவிட்டதாகவும் சொல்கிறோம். ஆனாலும் வெருகல், மூதூர், குச்சவெளிப் பக்கங்களில் பிரித்துக்கொடுத்த காணியில் புதிதாக வீடு போட்டவர்களும், கலியாணம் முடித்துத் தனிக்குடித்தனம் போனவர்களும் இன்றும் கம்பிக்காகக் காத்திருப்பதுண்டு. அவர்களது வீட்டில் இணைப்புக்கு முன்னும் பின்னும் என்ன நடக்கிறது என்பதை ஒழுங்காக எழுதிவைக்க விரும்பும் ஆசிரியர்களுக்கும், பல்கலைக்கழக மாணவர்களுக்கும், ஊர்ச் சங்கங்களின் இளைஞர்களுக்கும் இவ்வழிகாட்டி பயன்படலாம்.

தொடங்குமுன் ஒன்றைப் பிரித்துவைக்க வேண்டும். மின்சாரம் உற்பத்தியாகும் இடத்தின் கதையும் மின்சாரம் பாவிக்கும் வீட்டின் கதையும் வேறு வேறு. 2006இல் இடம்பெயர்ந்த சம்பூர் மக்களின் நிலத்தில் நிலக்கரி மின்னிலையம் அமைக்கத் திட்டமிடப்பட்டு, 2016இல் அது கைவிடப்பட்டு, பின்னர் சூரிய மின்னிலையத் திட்டம் வந்தது. காணி, தொழில், சுற்றாடல் என்று அதில் எழுத நிறைய உண்டு. அதற்கு வேறொரு கொப்பி வாங்குங்கள். அங்கே பிறக்கும் மின்சாரம் நாட்டின் பொது வலையமைப்புக்குப் போகிறது. பக்கத்து வீட்டுக் குமிழ் அதனால் எரிவதில்லை.

எப்போது தொடங்குவது

கம்பம் நடுவதற்கு முன்பே தொடங்க வேண்டும். இணைப்புக் கிடைத்து ஆறு மாதம் கழிந்தபின் "முன்பு எப்படி இருந்தது" என்று கேட்டால், குப்பி லாம்பின் காலம் உண்மையைவிட இருண்டதாகவோ, சிலரிடம் உண்மையைவிட இனிமையானதாகவோ மாறியிருக்கும். விண்ணப்பம் கொடுத்து, வயரிங் முடித்து, பணம் கட்டிவிட்டு மின்மானி பூட்ட ஆள் வரும்வரை காத்திருக்கும் வாரங்களே முதற்பதிவுக்கு மிகச் சிறந்த காலம். வீடும் தயாராக இருக்கும், வீட்டாருக்கும் பேச ஆர்வம் இருக்கும்.

இரண்டாம் பதிவை ஓராண்டு கழித்து அதே பருவத்தில் எடுங்கள். வாடைக்காற்று வீசும் மாரியில் கடலுக்குப் போகாமல் வீட்டிலிருக்கும் மீனவரின் மாலையும், கச்சான் அனல் வீசும் யூலையில் அவரது மாலையும் ஒன்றல்ல. அவ்வித்தியாசம் மின்சாரத்தின் கணக்கில் விழுந்துவிடக்கூடாது. நாட்காட்டியில் அதே மாதத்தைத் தேர்ந்தெடுப்பது மட்டும் போதாது. கிண்ணியாவிலோ மூதூரிலோ பதிவெடுப்பவர் நோன்பு மாதம் ஆண்டுதோறும் ஏறத்தாழ 11 நாட்கள் முன்னே நகர்வதை மறந்தால், சென்ற ஆண்டின் சாதாரண இரவை இவ்வாண்டின் சஹர் இரவுடன் ஒப்பிட்டு, மக்கள் விடியற்காலை மூன்றரை மணிக்கே எழுந்து சமைப்பதற்கு மின்சாரமே காரணம் என்று எழுதிவிடுவார். கோயில் திருவிழாவும் பரீட்சைக்காலமும் இத்தகையவையே.

இயன்றால் அதே ஊரில் இன்னும் இணைப்புக் கிடைக்காத சில வீடுகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அந்த வீடுகளிலும் பிள்ளைகள் வளர்கிறார்கள், விலைவாசி ஏறுகிறது, பாதை திருத்தப்படுகிறது. அங்கேயும் நிகழ்ந்த மாற்றத்தைக் கழித்தால் எஞ்சுவதே மின்சாரத்தால் வந்தது. இது வெறும் கெடுபிடியல்ல. தென்னாபிரிக்காவின் குவாசுலு-நட்டால் பகுதி பற்றி 2011இல் வெளியான ஆய்வு, மின்சாரம் வந்தபின் பெண்கள் வேலைக்குப் போவது கூடியதாகக் கண்டது. மேற்குக் கென்யாவில் குலுக்கல் முறையில் வீடுகளைத் தெரிந்து நடத்திய ஆய்வோ, முதற்சில ஆண்டுகளில் வாழ்க்கைத்தரத்தில் குறிப்பிடத்தக்க மாற்றத்தைக் காணவில்லை. இரண்டும் கவனமாகச் செய்யப்பட்டவை. ஆகவே நம் ஊரில் என்ன நடந்தது என்பதை அங்கிருந்து கடன்வாங்க முடியாது.

என்ன கேட்பது

அபிப்பிராயம் கேட்காதீர்கள், நேற்றைய மாலையைக் கேளுங்கள். என் முதற்கொப்பியில் "மின்சாரம் வந்தபின் பிள்ளை கூடுதலாகப் படிக்கிறதா?" என்றொரு கேள்வி இருந்தது. எல்லா வீட்டிலும் "ஓம்" என்றார்கள். விருந்தாளியின் முகம் கோணாமல் பதில் சொல்வது நம் பழக்கம், வேறென்ன சொல்வார்கள்? பிறகு அதே கேள்வியை நேரமாக மாற்றி, நேற்று ஆறு மணிக்குப் பிள்ளை எங்கே இருந்தது, ஏழு மணிக்கு என்ன செய்தது, எத்தனை மணிக்குப் படுத்தது என்று கேட்டபோதுதான், அம்மம்மாவுடன் ஒன்பது மணிவரை நாடகம் பார்த்த கதையெல்லாம் வெளிவந்தது. அதற்காகப் படிப்பு நேரம் கூடவில்லை என்றும் பொருளல்ல. நாடகத்துக்குப் பின் ஒரு மணிநேரம் படித்த பிள்ளைகளும் இருந்தார்கள். குப்பி லாம்புக் காலத்தில் அவர்கள் ஏழரைக்கே உறங்கியவர்கள்.

நம் பகுதியில் ஆண்டு முழுவதும் ஆறு, ஆறரை மணியளவில் இருட்டிவிடும். எனவே மாலை ஆறு மணியிலிருந்து படுக்கும்வரையும், எழுந்ததிலிருந்து காலை ஏழு மணிவரையும் அரைமணிக்கொரு வரியாகக் கட்டம் போட்டுக்கொள்ளுங்கள். தாய், தகப்பன், பள்ளி செல்லும் பிள்ளை ஆகியோருக்குத் தனித்தனி நிரல் வேண்டும். ஒவ்வொருவரிடமும் தனித்தனியே கேட்கவும் வேண்டும். "நாங்கள் எட்டு மணிக்குப் படுப்போம்" என்று தகப்பன் சொல்லும் வீட்டில், தாய் பத்து மணிக்குப் பாத்திரம் கழுவி முடிப்பதை அவர் அறியாமலே இருக்கலாம். மின்குமிழ் மாலையை நீட்டுகிறது என்பதில் ஐயமில்லை. நீண்ட மாலை யாருக்கு ஓய்வாகிறது, யாருக்கு மேலதிக வேலையாகிறது என்பதைத்தான் இந்த நிரல்கள் காட்டும். பதிவில் வேறெதையும் விட்டாலும் இதை விடாதீர்கள்.

மண்ணெண்ணெயைப் பணமாக எழுதாமல் அளவாக எழுதுங்கள். 2022 ஓகஸ்டில் ஒரு லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஏறியது. ரூபாயை மட்டும் ஒப்பிட்டால் விலையேற்றம் பாவனையை மறைத்துவிடும். கடையில் போத்தல், அரைப்போத்தல் கணக்கிலேயே வாங்குவார்கள். ஒரு போத்தல் 750 மில்லிலீற்றர். ஆக நான்கு போத்தல் மூன்று லீற்றர். லாம்புக்கு, அடுப்புப் பற்றவைக்க, படகுக்கு, நீரிறைக்கும் இயந்திரத்துக்கு என்று எதற்கு எவ்வளவு போகிறது என்பதைப் பிரித்துக் கேட்க வேண்டும். லாம்பில் மிச்சமான எண்ணெய் பம்பில் போயிருந்தால் மொத்தத்தில் குறைவு தெரியாது.

அத்துடன் தீக்காயம் பற்றி மெதுவாக விசாரியுங்கள். வெறும் போத்தலில் திரியிட்ட லாம்பு சரிந்து கிடுகுக் கூரையும் உடுப்பும் பற்றியெரிந்த சம்பவங்கள் இந்நாட்டில் ஏராளம். தீக்காயத்துடன் வந்தவர்களுக்குச் சிகிச்சையளித்த சத்திரசிகிச்சை நிபுணர் விஜய கொடகும்புர, குட்டையான, கனமான, உருளாதபடி இருபுறமும் தட்டையான, திருகுமூடியுள்ள லாம்பொன்றை வடிவமைத்து 1998இல் ரோலெக்ஸ் விருது பெற்றதும் இதனால்தான். விபத்து நடக்காத ஆண்டுகளை எந்தக் கணக்கும் காட்டுவதில்லை. வீட்டில் இன்னும் லாம்பு எரிகிறதா, எங்கே வைக்கப்படுகிறது என்பதையாவது எழுதுங்கள்.

பட்டியலை வாசிப்பது

இரண்டாம் பதிவின்போது கடைசி மூன்று மின்கட்டணப் பட்டியல்களையும் காட்டச் சொல்லுங்கள். வீட்டுப் பாவனைக் கட்டணம் 30, 60 அலகுகளில் படிமாறுவது. 60ஐத் தாண்டியவுடன் முழுக் கணக்கே வேறு அட்டவணைக்குப் போய்விடும். உதாரணமாக, 9 வாற்று மின்குமிழ் நான்கு தினமும் ஐந்து மணிநேரம் எரிந்தால் மாதம் 5.4 அலகு. 60 வாற்று மின்விசிறி எட்டு மணிநேரம் சுழன்றால் 14.4. அதேயளவு வலுவுள்ள தொலைக்காட்சி நான்கு மணிநேரம் ஓடினால் 7.2. இதுவரை 27 அலகு, முதற்படிக்குள் அடங்கிவிட்டது. நாளொன்றுக்கு ஓர் அலகு எடுக்கும் குளிர்சாதனப்பெட்டி வந்தால் 57. அதற்குமேல் 500 வாற்றுச் சோற்றுப் பானையை நாள்தோறும் நாற்பது நிமிடம் போட்டால், 10 அலகு கூடி 60ஐக் கடந்தாயிற்று. எந்தப் பொருள் எந்த மாதம் வந்தது என்பதைப் பட்டியலுடன் சேர்த்து எழுதினால், வீட்டார் ஏன் சோற்றுப் பானையை அலுமாரிக்கு மேலே ஏற்றிவைத்துவிட்டு மீண்டும் விறகு தேடுகிறார்கள் என்பது விளங்கும். பல வீடுகளில் மின்சாரம் அடுப்படிக்குள் ஒரு குமிழாக மட்டுமே நுழைகிறது. அதைக் குறையாகவோ நிறைவாகவோ தீர்ப்பிடாமல் எழுதுங்கள்.

மின்வெட்டையும் குறிக்க வேண்டும். 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணிநேரம் வரை வெட்டியபோது, இணைப்புள்ள வீடும் குப்பி லாம்புக்குத் திரும்பியது. அத்தகைய மாதத்தில் எடுத்த பதிவை எதனுடனும் ஒப்பிட முடியாது.

வேலியும் கிணறும்

வீட்டு வாசலோடு நின்றுவிட்டால் பாதிக்கதை போய்விடும். நிலாவெளி, குச்சவெளிக் கரையோரங்களில் வெங்காயம் செய்பவர்களுக்கு மின்மோட்டார் பெரிய ஆறுதல். மண்ணெண்ணெய்ச் செலவும் கயிறிழுத்து இயந்திரத்தை முடுக்கும் பாடும் இல்லை. ஆனால் பொத்தானை அமுக்கினால் நீர் வரும் என்றானபின் இறைப்பு நேரம் நீளும். கரையோர மணலில் நன்னீர் உப்புநீரின் மேல் மெல்லிய படையாகவே மிதக்கிறது. அளவுக்குமிஞ்சி இறைத்தால் கீழிருக்கும் உவர் மேலேறும். ஆகவே இறைக்கும் மணிநேரத்தையும், கிணற்று நீர்மட்டத்தைக் கயிற்றால் அளந்தும், நீரின் சுவையையும் இரு பதிவுகளிலும் எழுதுங்கள்.

யானை நடமாடும் எல்லைக் கிராமங்களில் வேலியைப் பற்றிக் கேட்காமல் வராதீர்கள். முறையான யானைவேலியில் மின்சாரம் கணநேரத் துடிப்புகளாகவே பாய்கிறது, அடிக்கும், கொல்லாது. வீட்டு 230 வோல்ட்டைக் கம்பியில் நேரடியாகக் கொடுத்தால் யானையும் சாகும், இருட்டில் தண்ணீர் கட்டப்போன மனிதரும் சாவார். இதையும் கொக்கிபோட்டு எடுத்த இணைப்பையும் பற்றி உங்களிடம் ஒருவர் சொன்னால், அப்பக்கத்தில் வீட்டு இலக்கத்தை எழுதாதீர்கள். ஆபத்தை அவரிடமே நேரில், அப்போதே சொல்லுங்கள்.

பெயர் எங்கும் வேண்டாம். வீட்டுக்கொரு இலக்கம் போதும். நிவாரணப் பட்டியலிலிருந்து வெட்டிவிடுவார்களோ என்ற அச்சத்தில் குளிர்சாதனப்பெட்டியைச் சேலையால் மூடிவைத்த வீட்டுக்கும் நான் போயிருக்கிறேன். நீங்கள் பிரதேச செயலகத்திலிருந்து வரவில்லை என்பதை முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிட்டு, கொப்பியைத் திருப்பிக் காட்டுங்கள். இரண்டாம் பதிவு முடிந்தபின் இரு மாலைகளின் கட்டங்களையும் அருகருகே வைத்து வீட்டாருக்கு வாசித்துக் காட்ட வேண்டும். தவறியதை அவர்கள் திருத்துவார்கள். தாயின் நிரலில் பத்து மணிக்கு எதிரே எழுதியிருப்பதைத் தகப்பனும் பிள்ளைகளும் அன்றுதான் கேட்பார்கள். அப்போது யாராவது ஏதாவது சொன்னால், அதையும் கட்டத்துக்குக் கீழே திகதியுடன் எழுதிக்கொள்ளுங்கள்.