சேர்ந்து உட்கார்ந்து வேலை பார்க்கும் நாளைக் கெடுக்கும் தவறுகள்

வீட்டில் தனியாக உட்கார்ந்து வேலை பார்க்கிறவர்களுக்கு மாதத்தில் ஓரிரு நாளாவது நாலு பேரோடு சேர்ந்து உட்கார்வது பெரிய ஆறுதல். நியூயார்க்கில் 2006-இல் அமித் குப்தாவும் லூக் கிராஃபோர்டும் தாங்கள் குடியிருந்த வீட்டுக்கே ஆட்களை லேப்டாப்போடு அழைத்தார்கள். 'ஜெல்லி' என்ற பெயரில் அது பல ஊர்களுக்குப் பரவியது. ஒரு ஹால், சில நாற்காலிகள், வைஃபை இருந்தால் சென்னையிலும் இன்றே ஆரம்பித்துவிடலாம். மூன்றாவது மாதமும் ஆள் வருவதுதான் கஷ்டம்.

ஆள் வராமல் போவதற்குப் பெரும்பாலும் ஒரே காரணம், அரட்டை. அறிமுகம், காபி, ஊர்க்கதை என்று மணி பன்னிரண்டாகிவிடும். மாலைக்குள் மொழிபெயர்ப்பை அனுப்ப வேண்டியவர் ராத்திரி கண்விழித்து முடிப்பார். அடுத்த முறை வர மாட்டார். பத்து மணிக்கு ஆளுக்கு ஒரு வரி சொன்னால் போதும்: "மூணு இன்வாய்ஸ் அனுப்பணும்", "ரெண்டாம் அத்தியாயத்தை முடிக்கணும்". அப்புறம் ஒரு மணி வரை பேச்சில்லை. இதை அழைப்பிலேயே எழுதிவிட வேண்டும். மீறுகிறவரிடம் "சாப்பிடும்போது பேசலாம்" என்று சொல்ல, ஏற்பாடு செய்கிறவர் கூச்சப்படக் கூடாது.

அதற்காகச் சாப்பாட்டு நேரத்திலும் ஹெட்போனோடு இருந்தால் வந்ததில் பாதிப் பலன் போச்சு. ஒரு பக்கத்துக்கு எவ்வளவு வாங்கலாம், பணத்தை இழுத்தடிக்கிற கிளையன்ட்டை எப்படிக் கேட்பது என்பதெல்லாம் அங்கேதான் தெரியவரும். ஆனால் அந்தச் சாக்கில் இன்சூரன்ஸ் பாலிசி விற்கிறவரை அன்றே தனியாக அழைத்து, இங்கே அது வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

நாள் முழுக்க மீட்டிங் உள்ளவர் அன்று வராமல் இருப்பதே நல்லது. மற்றவர்கள் போன் பேச மொட்டை மாடியையோ ஓர் அறையையோ ஒதுக்கி வையுங்கள்.

பிளக் பாயிண்ட்டையும் முன்கூட்டியே பாருங்கள். லேப்டாப் சார்ஜர் பெரும்பாலும் 65 வாட்தான். பத்துப் பேர் செருகினாலும் 650. 6 ஆம்பியர் பிளக் தாங்குவது சுமார் 1,380 வாட். டீக்காக அதே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் 1,500 வாட் கெட்டிலையும் செருகினால் வயர் சூடேறும். கெட்டிலைச் சமையலறையிலேயே வையுங்கள்.

காபி ஷாப்பில் கூடுவதானால், ஒரு காபிக்கு ஆறு மணி நேரம் மேசையைப் பிடித்துக்கொள்வது அநியாயம். மதியக் கூட்டம் வரும்போது எழுந்துவிட வேண்டும். சென்னை கொளத்தூரில் 2024 நவம்பரில் அரசு திறந்த 'முதல்வர் படைப்பகம்' என்ற பொதுப் பணியிடம் போன்ற இடங்களில் குறைந்த கட்டணத்தில் உட்காரலாம்.

எனக்கு ரொம்பவும் உறுத்துகிற தவறு ஒன்று உண்டு. எப்போதும் ஒரே வீட்டில் கூடுவோம். பத்துப் பேருக்கும் டீயும் சாப்பாடும் அந்த வீட்டு அம்மாவோ மனைவியோ செய்வார்கள். அவர்களை யாரும் கேட்டிருக்கவே மாட்டோம். முதலில் அவர்களைக் கேளுங்கள். சாப்பாட்டைப் பார்சல் வாங்கிப் பணத்தைப் பங்கு போடுங்கள், வீட்டை மாற்றிக்கொண்டே இருங்கள். கிளம்பும் முன் டம்ளர்களைக் கழுவி வைத்துவிட்டுப் போங்கள்.