ஆங்கிலக் காலங்கள்: தமிழ் வழக்கு எங்கே உதவும், எங்கே தவறச் செய்யும்

ஆங்கிலத்தில் பன்னிரண்டு காலங்கள் இருப்பதாகப் பள்ளியில் ஓர் அட்டவணை தருவார்கள். இறந்தகாலம், நிகழ்காலம், எதிர்காலம் ஆகிய மூன்றையும் சிம்பிள், கன்டினியுவஸ், பெர்ஃபெக்ட், பெர்ஃபெக்ட் கன்டினியுவஸ் என்னும் நான்கோடு பெருக்கினால் வருவது அந்தப் பன்னிரண்டு. அட்டவணையில் தவறில்லை. ஆயினும் அதை வரி பிசகாமல் ஒப்பிப்பவர்கள்கூடப் பேசத் தொடங்கியதும் தடுமாறுகிறார்கள், ஏனெனில் எந்தச் சூழலுக்கு எந்த வடிவம் என்பதை முடிவு செய்யும்போது நம் மனம் தமிழின் வழக்கையே பின்பற்றுகிறது. இரு மொழிகளும் ஒத்துப்போகும் இடங்களில் வாக்கியம் தானாகவே சரியாக அமைகிறது. அவை பிரியும் இடங்களில்தான் பிழை நேர்கிறது. பிரியும் இடங்கள் மிகச் சிலவே என்பதால், அட்டவணையை ஒதுக்கி வைத்துவிட்டு அவற்றை மட்டும் ஊன்றிப் படிப்பது நல்லது.

முதலாவது, வழக்கமாக நடக்கும் செயல். ‘அப்பா தினமும் ஐந்து மணிக்கு எழுவார், குளித்துவிட்டுக் கோயிலுக்குப் போவார்’ என்று தமிழில் வழக்கத்தை எதிர்கால வினைமுற்றால் சொல்கிறோம். அதே நினைப்பில் ‘மை ஃபாதர் வில் கெட் அப் அட் ஃபைவ்’ என்று எழுதினால், நாளைக்கு எழப்போகிறார் என்றே பெரும்பாலும் பொருள்படும். ‘மை ஃபாதர் கெட்ஸ் அப் அட் ஃபைவ்’ என்பதே வேண்டிய வடிவம். வழக்கத்தைக் குறிக்க ‘வில்’ வரும் பயன்பாடு ஆங்கிலத்திலும் உண்டு என்றாலும், கற்கும் நிலையில் அது தேவையில்லை. தமிழ் வாக்கியத்தில் ‘வழக்கமாக’ என்ற சொல்லைச் சேர்த்துப் பாருங்கள். பொருள் மாறாமல் நின்றால் அது சிம்பிள் பிரசன்ட். ‘சின்ன வயதில் ஆற்றில் குளிப்போம்’ என்பது போல அந்த வழக்கம் இன்று இல்லையெனில், ‘வி யூஸ்ட் டு பேத் இன் த ரிவர்’.

இரண்டாவது, ‘இங்’ சேரும் கன்டினியுவஸ் வடிவம். ‘படித்துக்கொண்டிருக்கிறேன்’ என்பதற்கு ‘ஐ ஆம் ரீடிங்’ என்பது நேர்ப் பொருத்தம், இதில் சிக்கலில்லை. ஆனால் ‘ஐ ஆம் நோயிங்’, ‘ஐ ஆம் வான்டிங்’ என்று நிலையைக் குறிக்கும் வினைகளோடும் அதைச் சேர்ப்பது நம்மிடம் பரவலாக இருக்கிறது. இங்கே தமிழே வழிகாட்டும். ‘எனக்குத் தெரிந்துகொண்டிருக்கிறது’, ‘எனக்கு வேண்டிக்கொண்டிருக்கிறது’ என்று நாம் சொல்வதில்லை. தெரியும், வேண்டும், பிடிக்கும் என்றே நிறுத்துகிறோம். ஆங்கிலத்திலும் ‘ஐ நோ’, ‘ஐ வான்ட்’, ‘ஐ லைக்’ என்று நிறுத்துவதே முறை. உடைமையைக் குறிக்கும் ‘ஹேவ்’ இதே வகை என்பதால் ‘ஐ ஹேவ் டூ பிரதர்ஸ்’ என்றே சொல்ல வேண்டும். ‘ஐ ஆம் ஹேவிங் லஞ்ச்’ சரியாவது, அங்கே அச்சொல் உண்பதைக் குறிப்பதால்தான்.

மூன்றாவது இடம்தான் மிகக் கடினமானது; கற்பவர் தம் நேரத்தில் பெரும்பகுதியை இதற்குத் தரலாம் என்பது என் கருத்து. சிம்பிள் பாஸ்ட் எங்கே, வினைக்கு முன் ‘ஹேவ்’ அல்லது ‘ஹேஸ்’ சேரும் பிரசன்ட் பெர்ஃபெக்ட் எங்கே என்பதே அது. ‘சாவியைத் தொலைத்துவிட்டேன், உள்ளே போக முடியவில்லை’ என்னும்போது தொலைத்தது முடிந்த செயல்தான், ஆனால் அதன் விளைவு இப்போதும் நீடிக்கிறது. ஆகவே ‘ஐ ஹேவ் லாஸ்ட் மை கீ’. ‘போன வாரம் சாவியைத் தொலைத்துவிட்டேன்’ என்னும்போது செயல் நடந்த நேரம் சுட்டப்பட்டுவிட்டது. ஆகவே ‘ஐ லாஸ்ட் மை கீ லாஸ்ட் வீக்’. தமிழில் இரண்டுக்கும் ‘தொலைத்துவிட்டேன்’ பொருந்துவதால், வினைமுற்றைப் பார்த்து முடிவு செய்ய இயலாது. ‘நேற்றே சொல்லியிருக்கிறேன்’ என்பது தமிழில் இயல்பு. ‘ஐ ஹேவ் டோல்ட் யூ யெஸ்டர்டே’ என்பது ஆங்கிலத்தில் பிழை. நேற்று, போன மாதம், 2015இல், இரண்டு நாளைக்கு முன்பு என முடிந்துபோன நேரத்தைச் சுட்டும் சொல் வாக்கியத்தில் இருந்தாலும், ‘எப்போது’ என்ற கேள்வி இருந்தாலும், ‘ஹேவ்’ வரக்கூடாது. இந்த ஒரு விதியைக் கைக்கொண்டாலே பெரும்பாலான பிழைகள் நீங்கும்.

சுட்டிய நேரம் இன்னும் முடியவில்லை என்றால் ‘ஹேவ்’ வரலாம். ‘இன்று காலை இரண்டு காபி குடித்துவிட்டேன்’ என்று பத்து மணிக்குச் சொல்பவர் ‘ஐ ஹேவ் ஹேட் டூ காஃபீஸ் திஸ் மார்னிங்’ என்பார். அதையே மாலையில் சொல்பவர் ‘ஐ ஹேட் டூ காஃபீஸ்’ என்பார். அனுபவத்தைச் சொல்லும்போதும் ‘ஹேவ்’ வரும். ‘நான் டெல்லிக்குப் போயிருக்கிறேன்’ என்பது ‘ஐ ஹேவ் பீன் டு டெல்லி’. ‘அவர் டெல்லிக்குப் போயிருக்கிறார், வெள்ளிக்கிழமை வருவார்’ என்பதோ ‘ஹி ஹேஸ் கான் டு டெல்லி’, அதாவது இன்னும் திரும்பவில்லை. அமெரிக்க வழக்கில் ‘ஐ ஆல்ரெடி ஏட்’ என்பதும் ஏற்கப்படுகிறது, பிரிட்டிஷ் வழக்கில் ‘ஐ ஹேவ் ஆல்ரெடி ஈட்டன்’ என்பதே பெரிதும் வரும். இரண்டையும் கேட்டுக் குழம்ப வேண்டியதில்லை. தேர்வு எழுதுபவர் இரண்டாவதைக் கடைப்பிடிப்பது பாதுகாப்பானது.

இதை ஒட்டியே வருவது, முன்பு தொடங்கி இன்றும் தொடரும் செயல். ‘ஐந்து ஆண்டுகளாக இங்கே வேலை செய்கிறேன்’ என்று தமிழ் நிகழ்காலத்தில் சொல்வதால், ‘ஐ ஆம் வொர்க்கிங் ஹியர் சின்ஸ் ஃபைவ் இயர்ஸ்’ என்று நேர்முகத் தேர்வுகளில்கூடச் சொல்லிவிடுகிறார்கள். இதில் இரண்டு பிழைகள் உள்ளன. ‘ஐ ஹேவ் பீன் வொர்க்கிங் ஹியர் ஃபார் ஃபைவ் இயர்ஸ்’ என்பது சரி. ‘ஆண்டுகளாக’ என்று கால அளவைச் சொன்னால் ‘ஃபார்’, ‘2019இலிருந்து’ என்று தொடங்கிய புள்ளியைச் சொன்னால் ‘சின்ஸ்’. ‘ஐ வொர்க்ட் தேர் ஃபார் ஃபைவ் இயர்ஸ்’ என்றால் அந்த வேலையை விட்டுவிட்டீர்கள் என்றே கேட்பவர் கொள்வார். வேலை தேடுபவருக்கு இந்த வேறுபாடு முக்கியம்.

‘ஹேட்’ சேரும் பாஸ்ட் பெர்ஃபெக்ட் வடிவத்தை நம்மவர்கள் தேவைக்கு மேல் கையாள்கிறார்கள். ‘ஐ ஹேட் கான் டு மதுரை யெஸ்டர்டே’ என்று தனியாகச் சொல்லக்கூடாது. ‘ஐ வென்ட்’ போதும். இறந்தகாலச் செயல்கள் இரண்டு இருந்து, முந்தியது எது என்று காட்ட வேண்டும்போது மட்டுமே ‘ஹேட்’ தேவை. ‘நான் போய்ச் சேர்வதற்குள் ரயில் கிளம்பிவிட்டது’ என்பதற்கு ‘த ட்ரெயின் ஹேட் லெஃப்ட் வென் ஐ ரீச்ட் த ஸ்டேஷன்’.

‘அவர் வந்ததும் சொல்கிறேன்’, ‘மழை பெய்தால் வரமாட்டேன்’ என்பவற்றில் இன்னும் நடக்காத செயலைத் தமிழ் இறந்தகால வடிவில் சொல்கிறது; ஆங்கிலம் அங்கே நிகழ்காலத்தைக் கேட்கிறது. ‘வென் ஹி கம்ஸ், ஐ வில் டெல் யூ’, ‘இஃப் இட் ரெயின்ஸ், ஐ வோன்ட் கம்’. காலத்தையோ நிபந்தனையையோ காட்டும் ‘வென்’, ‘இஃப்’ பகுதிக்குள் ‘வில்’ வராது, அது மற்றப் பகுதிக்கு உரியது. ‘டிட்’ வந்தபின் வினை மீண்டும் இறந்தகாலத்தில் வரக்கூடாது என்பதும் நினைவிருக்கட்டும்: ‘டிட் யூ கோ?’

பயிற்சிக்கு ஒரு முறை சொல்கிறேன். ஆங்கிலச் செய்தி ஒன்றிலிருந்து ஒரே ஒரு பத்தியை எடுத்து, வினைகளையெல்லாம் அடிக்கோடிட்டு, ஒவ்வொன்றும் ஏன் அந்த வடிவில் இருக்கிறது என்று தமிழில் ஒரு வரி எழுதுங்கள். செய்திகளில் முதல் வாக்கியம் பல நேரங்களில் ‘ஹேஸ்’ சேர்ந்த வினையோடு அமைந்துவிட்டு, நாளையும் நேரத்தையும் சொல்லும் அடுத்த வாக்கியத்திலேயே சிம்பிள் பாஸ்ட்டுக்கு மாறும்; மேலே சொன்ன விதி அங்கே கண்முன் இயங்குவதைக் காணலாம். பிறகு அந்தப் பத்தியைத் தமிழில் எழுதி வைத்து, மறுநாள் மூலத்தைப் பாராமல் ஆங்கிலத்துக்குத் திரும்பக் கொண்டுவந்து, வினைகளை மட்டும் மூலத்தோடு ஒப்பிடுங்கள். எந்த வகைப் பிழை மீண்டும் மீண்டும் வருகிறதோ அதை மட்டும் அடுத்த வாரத்துக்கு எடுத்துக்கொள்ளுங்கள். ஃபியூச்சர் பெர்ஃபெக்ட் கன்டினியுவஸ் போன்ற அரிய வடிவங்களுக்கு இப்போது நேரம் ஒதுக்க வேண்டாம்; அன்றாடப் பேச்சில் அவை மிக அரிதாகவே வருகின்றன.