மூக்கடைப்புக்கு உப்புநீர் ஸ்ப்ரே: பீய்ச்சும் திசையைக் கவனியுங்கள்

சளியால் மூக்கு அடைத்துக்கொள்ளும்போது, மருந்துக்கடையில் கிடைக்கும் 0.9 சதவீத உப்புநீர் ஸ்ப்ரே உள்ளே காய்ந்து ஒட்டியிருக்கும் சளியை இளக்கி வெளியேற்ற உதவுகிறது. பலரும் தலையை அண்ணாந்து வைத்துப் பீய்ச்சுவதால், நீர் நேராகத் தொண்டைக்குள் இறங்கிவிடுகிறது. மெதுவாக மூக்கைச் சிந்திவிட்டு, தலையைச் சற்றே முன்னால் கவிழ்த்து, இடது நாசிக்கு வலக்கையாலும் வலது நாசிக்கு இடக்கையாலும் பாட்டிலைப் பிடித்தால், முனை மூக்கின் நடுச்சுவரில் இடிக்காமல் கண்ணின் வெளி ஓரத்தை நோக்கித் தானாகவே திரும்பும். சைலோமெட்டசோலின் என்ற மூக்கடைப்பு நீக்கும் மருந்து கலந்த ஸ்ப்ரேயும் ஏறக்குறைய இதே தோற்றத்தில்தான் வருகிறது என்பதால், லேபிளைப் படித்த பிறகே வாங்க வேண்டும்; அதைச் சில நாட்களுக்கு மேல் தொடர்ந்தால் அடைப்பு முன்னைவிட மோசமாகத் திரும்பக்கூடும், வெறும் உப்புநீரில் அந்தத் தொல்லை இல்லை. ஒருவர் பயன்படுத்தும் பாட்டிலை, ஒரே வீட்டில் இருந்தாலும், இன்னொருவர் எடுத்துக்கொள்ளக் கூடாது.