அணுமின் நிலைய விபத்துக்கு வெளி ஆளுங்கள தயார் பண்றது எப்படி

அணுமின் நிலையத்துக்குள்ள வேலை பார்க்குற ஆபரேட்டர்களுக்கு சிமுலேட்டர்ல தொடர்ந்து டிரெய்னிங் நடக்கும், அதப்பத்தி இங்க பேசல. கேட்டுக்கு வெளிய இருந்து வர்றவங்க, அதாவது ஃபயர் சர்வீஸ், ஆம்புலன்ஸ், போலீஸ், ஆஸ்பத்திரி நர்ஸ், மக்கள வெளியேத்த முடிவு எடுக்குற அதிகாரிங்க, இவங்களுக்கு டிரெய்னிங் குடுக்குற பொறுப்பு உங்ககிட்ட வந்திருந்தா இத படிங்க.

முதல் நாளே அணுப்பிளவு, ரியாக்டர் வகைன்னு ஸ்லைடு போட்டு ஆரம்பிக்காதீங்க. வந்து உக்காந்திருக்குறவங்க மனசுல இருக்குறது பயம், கண்ணுக்குத் தெரியாத ஒண்ணு நம்மள என்ன பண்ணும்ங்கிற பயம், அத முதல்ல எடுத்தாதான் மத்தது உள்ள ஏறும். அதுக்கு ஒவ்வொருத்தர் கையிலயும் கதிர்வீச்ச அளக்குற மீட்டர குடுங்க. டெஸ்ட் பண்ண வச்சிருக்குற சின்ன சோர்ஸ், அதாவது லேசா கதிர் விடுற பொருள், அதுக்குப் பக்கத்துல வச்சு பார்க்கச் சொல்லுங்க, அப்புறம் ஒரு அடி தள்ளி, ரெண்டு அடி தள்ளி. தூரம் ரெண்டு மடங்கு ஆனா அளவு கிட்டத்தட்ட நாலுல ஒரு பங்கா குறையறத அவங்களே கண்ணால பார்க்கட்டும். நேரத்த குறை, தூரத்த கூட்டு, நடுவுல தடுப்பு வை, இந்த மூணும் அதுக்கப்புறம் தானா மனசுல நிக்கும்.

அடுத்தது, கதிர்வீச்சு படுறதும் கதிரியக்கத் தூசி ஒட்டுறதும் வேற வேறன்னு நல்லா புரிய வைங்க, பாதி பயம் இந்தக் குழப்பத்துலதான் வருது. வெளிய இருந்து கதிர் பட்டுட்டு வந்தவர தொட்டா நமக்கு ஒண்ணும் ஆகாது, எக்ஸ்ரே எடுத்தவர தொடுற மாதிரிதான். தூசி ஒட்டியிருந்தா மேல் துணிய கழட்டினாலே பெரும்பகுதி, கிட்டத்தட்ட 90 சதவீதம் வரைக்கும் போயிடும். ரத்தம் ஓடிக்கிட்டு இருக்குற ஆள வாசல்ல நிறுத்தி மீட்டர் வச்சு பார்த்துக்கிட்டு இருக்கக்கூடாது, உயிரக் காப்பாத்துறதுதான் முதல் வேலை, கழுவுறது அப்புறம். இத நர்ஸுங்களுக்கு ஒரு தடவைக்கு ரெண்டு தடவை சொல்லுங்க.

டோஸிமீட்டர், அதாவது ஒருத்தர் உடம்புல எவ்வளவு கதிர் பட்டுச்சுன்னு காட்டுற, கூடவே மாட்டிக்கிற சின்ன கருவி, அந்த விஷயத்துல மட்டும் கொஞ்சம் கடுமையாவே இருங்க. 1986ல சோவியத் யூனியன்ல இருந்த செர்னோபில் அணுமின் நிலைய விபத்துல முதல்ல போன தீயணைப்பு வீரர்களுக்கு தாங்க எந்த அளவுல நிக்கிறோம்னே தெரியாது. அந்த விபத்துல 134 பேருக்கு கடுமையான கதிர்வீச்சு நோய் உறுதியாச்சு, அதுல 28 பேர் அந்த சில மாசத்துக்குள்ளயே இறந்தாங்க. சரி அது பழைய காலம்னு விட முடியாது. 2011 மார்ச் 24, ஜப்பான்ல விபத்து நடந்த ஃபுகுஷிமா அணுமின் நிலையத்துல மூணு தொழிலாளிங்க டர்பைன் கட்டடத்துல கேபிள் வேலை பார்த்தாங்க, டோஸிமீட்டர் அலாரம் அடிச்சுது, மிஷின்ல ஏதோ கோளாறுன்னு நினைச்சு வேலைய தொடர்ந்தாங்க, ரெண்டு பேர் உயரம் குறைஞ்ச ஷூ போட்டிருந்ததால கதிரியக்கத் தண்ணி உள்ளயே போயிடுச்சு. அலாரம் அடிச்சா நம்பு, உடனே வெளிய வா, சந்தேகத்த வெளிய வந்து தீர்த்துக்கோ. டிரில் நடக்கும்போது பாதியில சொல்லாம கொள்ளாம அலாரத்த அடிக்க விடுங்க, எத்தன பேர் உண்மையிலயே திரும்புறாங்கன்னு எண்ணுங்க.

எந்த அளவு வந்தா திரும்பணும்னு முன்னாடியே எழுதி வச்சிருக்கணும். சாதாரண நாள்ல தொழிலாளிக்கு அஞ்சு வருஷ சராசரியா வருஷத்துக்கு 20 மில்லிசீவர்ட்தான் (உடம்புல படுற கதிர் அளவோட அலகு). உயிர் காக்குற வேலைக்கு சர்வதேச அணுசக்தி முகமை 500 மில்லிசீவர்ட் வரைக்கும் வழிகாட்டு அளவா வச்சிருக்கு, ஆனா அதுக்குப் போறவர் ஆபத்த தெரிஞ்சுக்கிட்டு தானா முன்வந்தவரா இருக்கணும். தெரிஞ்சுக்கிட்டுன்னா கையெழுத்து வாங்குறது இல்ல, டிரெய்னிங்லயே உக்கார வச்சு பேசியிருக்கணும்.

பாதுகாப்பு உடை போடுறது சுலபம், கழட்டுறதுலதான் தப்பு நடக்கும். இதுக்கு ஒரு நல்ல வழி இருக்கு. புற ஊதா வெளிச்சத்துல ஒளிர்ற பவுடர டிரில் நடக்குற இடத்துல தூவி விடுங்க, வேலை முடிஞ்சு அவங்க உடைய கழட்டினதும் லைட்ட அணைச்சு புற ஊதா விளக்க அடிங்க. கழுத்துல, மணிக்கட்டுல, காது ஓரத்துல பளிச்சுனு தெரியும். வெளி கிளவுஸோட மூஞ்ச தொட்டவங்க தாங்களே கண்டுபிடிப்பாங்க, நீங்க எதுவும் சொல்லத் தேவையில்ல. உடைய உள்பக்கம் வெளிய வர்ற மாதிரி சுருட்டிக்கிட்டே இறக்கணும், மாஸ்க் கடைசியா. மீட்டர் வச்சு ஆள செக் பண்ணும்போதும் அதோட உணர்முனைய (புரோப்) உடம்புக்கு ஒரு சென்டிமீட்டர் பக்கத்துல, மெதுவா நகர்த்தணும், அவசரமா வீசிட்டுப் போனா இருக்குறதும் தெரியாது.

அதிகாரிங்களுக்கு உடை டிரெய்னிங் போதாது, மேஜையச் சுத்தி உக்கார வச்சு முடிவு எடுக்கப் பழக்கணும். நிலையம் பொது அவசரநிலை, அதாவது வெளிய இருக்குற மக்களுக்கும் ஆபத்துங்கிற உச்சகட்ட நிலை, அறிவிச்சா, வெளிய மீட்டர்ல அளவு ஏறட்டும் அப்புறம் பார்க்கலாம்னு காத்திருக்கக்கூடாது, பெரிய உலைன்னா முதல் 3 முதல் 5 கிலோமீட்டருக்குள்ள உடனே நடவடிக்கை, 15 முதல் 30 கிலோமீட்டர் வரைக்கும் திட்டம் தயாரா இருக்கணும். அயோடின் மாத்திரை எப்போன்னு தெரிஞ்சிருக்கணும், அது தைராய்டுக்குள்ள கதிரியக்க அயோடின் போறத மட்டும்தான் தடுக்கும், கதிரியக்கக் காத்து வர்றதுக்கு கொஞ்சம் முன்னாடியோ வந்து ரெண்டு மணி நேரத்துக்குள்ளயோ எடுத்தா நல்ல பலன், ஒரு நாள் கழிச்சு குடுக்குறதுல பிரயோஜனம் இல்ல.

இதுல நான் ரொம்ப வற்புறுத்துற விஷயம், வெளியேத்துறதும் ஆள கொல்லும். ஃபுகுஷிமாவுல ஆஸ்பத்திரியிலயும் முதியோர் இல்லத்துலயும் படுத்த படுக்கையா இருந்தவங்கள சரியான ஏற்பாடு இல்லாம பஸ்ல ஏத்தி அனுப்புனதுல கிட்டத்தட்ட 50 பேர் இறந்துட்டாங்க, கதிர்வீச்சால இல்ல, குளிரு, தண்ணியில்ல, மருந்தில்ல, கூட டாக்டர் இல்ல. அதனால ஒவ்வொரு மேஜைப் பயிற்சியிலயும் நகர்த்த முடியாத நோயாளிங்க இருக்குற ஒரு ஆஸ்பத்திரிய கண்டிப்பா சேருங்க, பஸ் எங்க போய் நிக்கும், அங்க யாரு இறக்கி எடுப்பாங்கன்னு பேர் சொல்லி பதில் வர்ற வரைக்கும் விடாதீங்க.

பெரிய டிரில் வைக்கும்போது என்ன நடக்கப்போகுதுன்னு பங்கெடுக்குறவங்களுக்கு தெரியவே கூடாது. நடுவுல டெலிபோன் தொடர்ப கட் பண்ணுங்க, தலைமை அதிகாரிய எழுப்பி ஓரமா உக்கார வச்சு அடுத்தவர் என்ன பண்றார்னு பாருங்க, கட்டுப்பாட்டு மையத்தையே காலி பண்ணச் சொல்லுங்க. ஃபுகுஷிமாவுல நிலையத்துல இருந்து அஞ்சு கிலோமீட்டர்ல இருந்த அவசர மையம் கரண்ட் இல்லாம, தொடர்பு இல்லாம, கதிர் அளவும் ஏறி, விட்டுட்டுப் போகவேண்டியதாச்சு. ஒவ்வொரு போன் பேச்சும் வயர்லெஸ் செய்தியும் ‘இது பயிற்சி’ன்னு ஆரம்பிச்சு ‘இது பயிற்சி’ன்னு முடியணும், இல்லன்னா கேக்குறவன் உண்மைன்னு நம்பி ஊரே கலங்கிடும்.

முடிஞ்ச உடனே எல்லாரும் சோர்வா இருந்தாலும் கலைய விடாதீங்க, சூடா இருக்கும்போதே உக்காந்து என்ன தப்பாச்சுன்னு பேசணும், யார் மேலயும் பழி போடாம. ஒவ்வொரு குறைக்கும் ஒரு ஆள் பேரும் ஒரு தேதியும் போடுங்க, அடுத்த டிரில்ல அதே குறைய திரும்ப சோதிங்க. அடுத்தது பகல்ல வைக்காதீங்க. அமெரிக்காவோட த்ரீ மைல் ஐலண்ட் அணுமின் நிலைய விபத்து 1979ல விடிகாலை 4 மணிக்கு ஆரம்பிச்சுது, செர்னோபில் ராத்திரி 1 மணி 23 நிமிஷத்துக்கு, ஆனா நிறைய இடத்துல டிரில் காலை பத்து மணிக்குதான் நடக்குது, நைட் ஷிஃப்ட்ல இருக்குற ஆளுங்க உடைய பெட்டியிலிருந்து எடுத்தே பார்த்திருக்க மாட்டாங்க. அவங்களுக்குன்னு ஒரு ராத்திரி டிரில் தேதிய இப்பவே குறிச்சு வைங்க.