கேலக்ஸிக் கொத்துகளின் தொடக்கம்: வழக்கமாகச் சறுக்கும் இடங்கள்

கொத்து என்றால் கேலக்ஸிகளின் கூட்டம் என்று மட்டும் நினைப்பது முதல் பிழை. அதன் நிறையில் சுமார் 85 சதவீதம் கரும்பொருள் (ஒளி விடாத, ஈர்ப்பால் மட்டுமே தெரியவரும் பொருள்). மீதியில் பெரும்பகுதி கோடிக்கணக்கான டிகிரி வெப்பத்தில் உள்ள வாயு. விண்மீன்களுக்குச் சில சதவீதமே மிஞ்சும். கரும்பொருள் முதலில் சிறு முடிச்சுகளாகச் சரிந்து, அவை ஒன்றோடொன்று சேர்ந்தே பெரிய கொத்து உருவாகிறது.

ஆகவே தொடக்ககாலக் கொத்தை இன்றைய கொத்தின் குட்டி வடிவமாக எண்ணக் கூடாது. நாளை ஒரே கொத்தாகப் போகிற பொருள், அன்று பல கோடி ஒளியாண்டு அகலத்துக்குச் சிதறிக் கிடக்கும் (இன்றைய அண்ட அளவுக்கு மாற்றிச் சொல்கிறோம்). இதை முன்கொத்து என்கிறோம். ஈர்ப்பில் இன்னும் சமநிலைக்கு வராத இந்தக் கூட்டத்தில், கேலக்ஸிகளின் வேகச் சிதறலை (அவற்றின் வேகங்கள் எவ்வளவு வேறுபடுகின்றன என்பதை) வைத்து நிறை கணக்கிட்டால் வரும் எண்ணை நம்ப முடியாது.

அதிகம் பேர் விழும் குழி செம்பெயர்ச்சிதான்: அண்டம் விரிவதால் ஒளியின் அலைநீளம் எவ்வளவு நீண்டிருக்கிறது என்ற இந்த அளவை வைத்தே தூரத்தைக் கணிக்கிறோம். நிறங்களை மட்டும் வைத்து மதிப்பிடும்போது, செம்பெயர்ச்சி 3 அருகே 0.1 பிழை வந்தாலே தூரத்தில் சுமார் 30 கோடி ஒளியாண்டு தடுமாறும். முன்னும் பின்னுமாக நிற்கும், தொடர்பே இல்லாத கேலக்ஸிகள் படத்தில் ஒரே கூட்டமாகத் தெரியும். நிறமாலை (ஒளியை அலைநீளவாரியாகப் பிரித்த பதிவு) எடுத்து உறுதிசெய்யாத முன்கொத்தை வேட்பாளர் என்றே குறிப்பிட வேண்டும். நிறமாலையிலும் கவனம் தேவை: லைமன்-ஆல்ஃபா கோடு (ஹைட்ரஜனின் புற ஊதாக் கோடு) ஹைட்ரஜனில் சிதறி, பெரும்பாலும் விநாடிக்குச் சில நூறு கி.மீ. அளவுக்குச் சிவப்புப் பக்கம் நகர்ந்துவிடும். துல்லியமான வேகத்துக்கு எச்-ஆல்ஃபா (ஹைட்ரஜனின் சிவப்புக் கோடு) அல்லது ஆக்சிஜன் கோடுகள் மேல்.

வயதான சிவப்புக் கேலக்ஸிகளைத் தேடுவது அருகிலுள்ள கொத்துகளுக்குப் பொருந்தும் உத்தி. தொடக்ககாலத்துக்கு அது பெரும்பாலும் எடுபடாது. பெருவெடிப்புக்குச் சுமார் 140 கோடி ஆண்டுகளுக்குப் பிந்தைய எஸ்பிடி2349-56 முன்கொத்தில், சுமார் 4 லட்சம் ஒளியாண்டு அகலத்துக்குள் 14 கேலக்ஸிகள் நெருக்கியடித்துக்கொண்டு விண்மீன்களை உருவாக்குகின்றன. தூசு மறைப்பதால் ஆல்மா போன்ற மில்லிமீட்டர் அலை தொலைநோக்கிகளில்தான் அவை பளிச்சென்று தெரிகின்றன.

எக்ஸ் கதிரில் எதுவும் தெரியவில்லை என்பதால் சூடான வாயுவே இல்லை என்று முடிவுகட்டுவதும் அவசரம்தான். செம்பெயர்ச்சி 2-இல், அண்டத்தின் விரிவு காரணமாக மட்டுமே பரப்பொளிர்வு (வானில் ஒரே அளவு பரப்பிலிருந்து நமக்கு வரும் ஒளி) 81 மடங்கு மங்கிவிடும். அதே வாயு, பெருவெடிப்பின் மிச்ச ஒளியான அண்டப் பின்னணிக் கதிர்வீச்சைச் சிதறடித்து அதில் பதிக்கும் சுன்யயேவ்-ஸெல்டோவிச் சுவடு தூரத்தால் அப்படி மங்குவதில்லை. தேடலை அங்கே தொடங்கலாம்.