பெல்ட்தானே என்று விட்டுவிடாதீர்கள்: இடுப்பில் துப்பாக்கி வைப்பவர்கள் செய்யும் தவறுகள்

டெக்சாஸில் ஒரு மளிகைக் கடை. கீழ்த்தட்டில் கிடந்த 20 பவுண்டு அரிசிப் பையைத் தூக்கக் குனிந்தேன். நிமிரும்போது வலது இடுப்பில் ஏதோ சரிந்த மாதிரி இருந்தது. முழங்கையால் மெதுவாகத் தடவிப் பார்த்தால், சட்டைக்கு அடியில் துப்பாக்கியின் பிடி உடம்பை விட்டு விலகிக் கொக்கி போலத் துருத்திக்கொண்டு நிற்கிறது. பக்கத்தில் துவரம்பருப்பு விலை பார்த்துக்கொண்டிருந்த அம்மா கவனித்தாரா இல்லையா, தெரியாது. அரிசியை அங்கேயே போட்டுவிட்டு, முழங்கையை இடுப்போடு ஒட்டிக்கொண்டு, சுளுக்குப் பிடித்தவன் மாதிரி நடந்து காருக்கு வந்து சேர்ந்தேன்.

துப்பாக்கியில் குறை இல்லை. அதைச் செருகி வைக்கும் ஹோல்ஸ்டர் உறையும் அந்த மாடலுக்கென்றே வார்த்தெடுத்தது. பெல்ட் மட்டும், நாலு வருஷமாக அலுவலகத்துக்குப் போட்டுக்கொண்டிருந்த, தள்ளுபடியில் வாங்கிய கறுப்புப் பெல்ட். யானை வாங்கியவன் அங்குசத்துக்குக் கணக்குப் பார்த்த கதைதான்.

பெல்ட்டுக்குப் போவதற்கு முன்னால் சட்டத்தைப் பற்றி இரண்டு வரி. டெக்சாஸில் 2021 செப்டம்பர் 1 முதல், 21 வயது நிரம்பிய, சட்டத் தடை ஏதும் இல்லாதவர்கள் தனி உரிமம் வாங்காமலேயே கைத்துப்பாக்கியை மறைத்து எடுத்துச் செல்லலாம். மாநிலத்துக்கு மாநிலம் இது மாறும். ஆனால் எச்-1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கி வைத்திருப்பதையே கூட்டாட்சிச் சட்டம் தடுக்கிறது. வேட்டை உரிமம் மாதிரி ஒன்றிரண்டு விதிவிலக்குகள்தான் உண்டு. நம்மவர்கள் நிறையப் பேருக்கு இது தெரிவதில்லை. ஆக, இனி நான் சொல்வதெல்லாம் கிரீன் கார்டோ குடியுரிமையோ உள்ளவர்களுக்கு.

அறுந்துவிடுமா என்று பார்ப்பது முதல் தவறு

கடைக்குப் போய் பெல்ட்டை இரண்டு கையாலும் இழுத்துப் பார்த்து, "ஸ்ட்ராங்காத்தான் இருக்கு" என்று வாங்கிவிடுகிறோம். துப்பாக்கியின் எடைக்கு எந்தப் பெல்ட்டும் அறுந்து விழப்போவதில்லை. 15 தோட்டா நிரப்பிய கிளாக் 19 கைத்துப்பாக்கி சுமார் 850 கிராம் வரும். ஒரு லிட்டர் பால் பாக்கெட்டை விடக் குறைவு. சிக்கல் எடையில் இல்லை, அந்த எடை எங்கே நிற்கிறது என்பதில் இருக்கிறது. தோட்டாக்கள் இருப்பது பிடிக்குள்ளே. பிடி இருப்பது பெல்ட்டுக்கு மேலே. அதாவது பாரத்தின் பெரும்பகுதி பெல்ட்டுக்கு மேலே, ஒரே பக்கத்தில் நிற்கிறது. அது எந்நேரமும் வெளிப்பக்கமாகச் சாயத்தான் பார்க்கும். பெல்ட்டின் மேல்விளிம்பு அதோடு சேர்ந்து மடங்கினால் பிடி விலகி, சட்டையில் அச்சாகத் தெரியும். அமெரிக்கர்கள் இதை 'பிரிண்டிங்' என்பார்கள்.

எனவே தேட வேண்டியது விறைப்பு. அதிலும் அகலவாக்கில் விறைப்பு. நீளவாக்கில் பெல்ட் இடுப்பைச் சுற்றி வளைந்து கொடுக்க வேண்டும். அகலவாக்கில் மடியக் கூடாது. சோதிப்பது சுலபம். பெல்ட்டின் மேல்விளிம்பில் ஆள்காட்டி விரலையும் கீழ்விளிம்பில் கட்டைவிரலையும் வைத்து அழுத்துங்கள். வாழைமட்டை மாதிரி குழிந்து மடிந்தால் வைத்துவிட்டு வந்துவிடலாம். அடுத்து, ஒரு சாண் இடைவெளியில் இரண்டு கையாலும் பிடித்து, ஈரத்துணி பிழிவது போல முறுக்குங்கள். சாதாரணப் பெல்ட் அரைச்சுற்று போய்விடும். நல்லது கொஞ்சம் திரும்பிவிட்டு முரண்டு பிடிக்கும். என் கறுப்புப் பெல்ட்டை அன்று ராத்திரி முறுக்கிப் பார்த்தேன், ஜிலேபி மாதிரி சுற்றியது.

லேபிளை நம்புவது

'ஜெனுயின் லெதர்' என்ற முத்திரையைப் பார்த்துத் தரம் என்று எடுத்துக்கொள்பவர்கள் நிறைய. அது தோல்தான், பொய்யில்லை. ஆனால் அப்படி விற்கப்படுவதில் பல, மேல்தோலைச் சீவி எடுத்த பிறகு மிஞ்சும் அடிப்பகுதி. மேலே பூச்சு கொடுத்துப் பளபளப்பாக்கியிருப்பார்கள். 'பாண்டட் லெதர்' அதற்கும் கீழே, தோல் துகளைப் பசையில் குழைத்து அழுத்திய தகடு. மேல்தோல் சீவப்படாத 'ஃபுல் கிரெய்ன்' தோல்தான் இந்த வேலைக்கு ஆகும். பெல்ட்டின் முகத்தைப் பார்க்காதீர்கள், வெட்டு விளிம்பைப் பாருங்கள். நடுவில் அட்டையோ பஞ்சு போன்ற நிரப்பியோ தெரிந்தால் கதை முடிந்தது.

தோலின் தடிமனை அங்கே அவுன்ஸில் சொல்வார்கள். எடைக்கணக்கு என்று குழம்ப வேண்டாம். ஒரு அவுன்ஸ் என்றால் அங்குலத்தில் 64-ல் ஒரு பங்கு, ஏறத்தாழ 0.4 மில்லிமீட்டர். இரண்டு அடுக்குத் தோலை ஒட்டி, விளிம்பை ஒட்டித் தையல் போட்ட துப்பாக்கி பெல்ட்டுகள் 14 முதல் 16 அவுன்ஸ் வரை இருக்கும், கிட்டத்தட்ட கால் அங்குலம்.

பதனிட்ட முறையும் முக்கியம். குரோமியம் உப்பில் பதனிட்ட தோல் மெத்தென்று இருக்கும். கைப்பைக்கும் ஜாக்கெட்டுக்கும் ஏற்றது. மரப்பட்டைச் சாற்றில் ஊறவைத்துப் பதனிட்டது கெட்டியாக நிற்கும். நல்ல துப்பாக்கி பெல்ட் செய்கிற கைவினைஞர்கள் இந்த இரண்டாவதைத்தான் தேடிப் பிடிக்கிறார்கள். இது நமக்குப் புதிதில்லை. பொங்கலுக்குக் காப்புக்கட்டப் பறிக்கிறோமே ஆவாரம்பூ, அந்தச் செடியின் பட்டையில் பதனிட்ட தோல்தான் 19-ஆம் நூற்றாண்டில் மதராஸிலிருந்து கப்பலேறி, லண்டன் சந்தையில் 'ஈஸ்ட் இந்தியா' தோல் என்ற பெயரில் விற்றது. டெக்சாஸ்காரர் ஒருவர் "வெஜிடபிள் டான்ட்" என்று என்னிடம் ரொம்பப் பெருமையாக விளக்கியபோது, எனக்கு ஆவாரம்பட்டைதான் ஞாபகம் வந்தது.

ஒன்று சொல்லிவிடுகிறேன். எவ்வளவு நல்ல தோலும் வியர்வையில் இளகும். டெக்சாஸ் ஆகஸ்ட் மாதத்தில் தினமும் அதே பெல்ட்டைக் கட்டினால், உறை உட்காருகிற இடத்தில் ஒரு வளைவு விழும். இரண்டு பெல்ட் வைத்துக்கொண்டு மாற்றி மாற்றிக் கட்டினால் ரொம்ப நாள் வரும். அதற்குப் பொறுமை இல்லாதவர்கள், உள்ளே பிளாஸ்டிக் பட்டை வைத்த நைலான் பெல்ட்டுக்குப் போய்விடலாம். பார்க்கத் தோல் மாதிரி அழகில்லை, ஆனால் வியர்வை அதை ஒன்றும் செய்யாது.

தடிமன் கூடக் கூட நல்லது என்று நினைப்பது

முதல் தவறில் சூடு பட்டவர்கள் நேராக இதில் வந்து விழுவார்கள். நானும் விழுந்தேன். உள்ளே எஃகுத் தகடு வைத்த, வண்டிப் பட்டா மாதிரியான ஒன்றை வாங்கினேன். நிற்கும்போது ராஜா மாதிரி இருந்தது. காரில் உட்கார்ந்ததும் இடுப்பெலும்பில் குத்தியது.

துப்பாக்கியை எங்கே வைக்கிறீர்கள் என்பதைப் பொறுத்து விறைப்பின் அளவு மாறும். இடுப்பைக் கடிகாரமாகவும் தொப்புளைப் பன்னிரண்டு மணியாகவும் வைத்துக்கொண்டால், வலது இடுப்பில், மூன்று மணி நான்கு மணி வாக்கில் வைப்பதற்குக் கெட்டியான பெல்ட் தேவை. தொப்புளுக்குச் சற்று வலப்பக்கம், முன்புறம் வைக்கும் 'அப்பென்டிக்ஸ் கேரி'க்குக் கணக்கே வேறு. அங்கே பெல்ட்டின் வேலை, உறையை வயிற்றோடு சேர்த்து அணைத்துப் பிடிப்பது. அளவுக்கு மீறி விறைத்த பெல்ட் உடம்பின் வளைவைப் பின்பற்றாமல் வளையம் மாதிரி நிற்கும், இடையில் சந்து விழும். முன்புறம் வைப்பவர்கள் கொஞ்சம் வளைந்து கொடுக்கும், நுணுக்கமாக இறுக்கித் தளர்த்தக்கூடிய பெல்ட்டையே எடுக்க வேண்டும்.

அதே ஆட்கள் மறந்துவிடும் இன்னொன்று பக்கிள். பக்கிளும் முன்னால், துப்பாக்கியும் முன்னால் என்றால் இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று ஏறி வயிற்றில் புடைக்கும். பக்கிளை நாலு விரற்கடை இடப்பக்கம் தள்ளிக் கட்டினால் போதும். 'கோப்ரா' வகைப் பக்கிள்கள் 'டக்' என்று பூட்டுகிற சத்தம் கேட்கச் சுகமாகத்தான் இருக்கிறது. ஆனால் அவை பருமன், டி-சட்டைக்குள் தெரியும். பேன்ட் லூப்பில் நுழையாமல் ஒரு முனையைக் கழற்றி மாட்ட வேண்டிய மாடல்களும் உண்டு. காலை அவசரத்தில் அந்த வேலை யாருக்கு வேண்டும்?

அகலம்

இங்கே யோசிக்கவே வேண்டாம், ஒன்றரை அங்குலம். பெரும்பாலான உறைகளின் கிளிப்புகள் அந்த அகலத்துக்குத்தான் செய்யப்படுகின்றன. ஒன்றேகால் அங்குல ஃபார்மல் பெல்ட்டில் மாட்டினால் கால் அங்குலம் ஆடும். ஒன்றே முக்கால் அங்குலத்தில் மாட்டினால் அதைவிட மோசம்: கிளிப்பின் கொக்கி பெல்ட்டின் அடிவிளிம்பை எட்டாது. பார்ப்பதற்கு மாட்டியது போலவே இருக்கும்; எடுக்க வேண்டிய நேரத்தில் துப்பாக்கியோடு உறையும் சேர்ந்து கையில் வரும். துப்பாக்கியில் தோட்டா எதுவும் இல்லை என்று இரண்டு முறை உறுதி செய்துகொண்டு, வீட்டில் பத்துத் தடவை உருவிப் பாருங்கள். உறை அசையாமல் நிற்க வேண்டும்.

அகலத்தின் அருமை எங்கள் தாத்தாவுக்குத் தெரிந்திருந்தது. வேட்டிமேல் நாலு அங்குலப் பச்சைப் பெல்ட் கட்டி, அதன் பையில் சில்லறை, சாவிக்கொத்து, பொடி டப்பா எல்லாம் வைத்திருப்பார். ஒருநாளும் சரிந்ததில்லை. நம் பேன்ட் லூப் அவ்வளவு இடம் கொடுக்காது. அப்புறம், அந்த லூப்புகளையும் எண்ணிப் பாருங்கள். சில பேன்ட்டுகளில் ஐந்துதான் இருக்கும், இடைவெளியும் அதிகம். உறை உட்காருகிற இடத்துக்கு இரண்டு பக்கமும் லூப் இல்லாவிட்டால் எந்தப் பெல்ட்டும் அங்கே தொங்கத்தான் செய்யும்.

பேன்ட் சைஸைச் சொல்லி ஆர்டர் செய்வது

திருப்பி அனுப்பப்படும் பெல்ட்டுகளுக்கு இதுதான் முக்கியக் காரணமாக இருக்கும் என்பது என் ஊகம். பேன்ட்டில் 34 என்று போட்டிருக்கும், டேப் வைத்து அளந்தால் 36 வரும். வாங்குபவர் மனம் குளிரட்டும் என்று கம்பெனிக்காரர்கள் செய்கிற வேலை. அதோடு பேன்ட்டுக்குள் உறையைச் செருகினால் சுற்றளவு இன்னும் ஒன்றிரண்டு அங்குலம் கூடும். உறையை மாட்டிக்கொண்டு, இருக்கிற பழைய பெல்ட்டைக் கட்டுங்கள். கழற்றி, பக்கிள் மடிப்பிலிருந்து நீங்கள் போட்ட ஓட்டை வரை அளந்து பாருங்கள். அந்த அளவு புதுப் பெல்ட்டின் நடு ஓட்டையில் வர வேண்டும்.

ஓட்டைகளுக்கு இடையே வழக்கமாக ஒரு அங்குலம் இருக்கும். காலையில் சரியாக இருந்த ஓட்டை, ஞாயிற்றுக்கிழமை இலைச்சாப்பாட்டுக்குப் பிறகு மூச்சு முட்ட வைக்கும்; அடுத்த ஓட்டைக்குப் போனால் துப்பாக்கி தொங்கும். அதனால்தான் நான் கடைசியில் பற்சட்டம் வைத்த 'ராட்செட்' பெல்ட்டுக்கு மாறினேன். கால் அங்குலம் கால் அங்குலமாக இறுக்கலாம், தளர்த்தலாம். மலிவானவற்றில் பல் தேய்ந்து வழுக்கும் என்பது உண்மைதான், அதனால் இதில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். ஐம்பது டாலரிலிருந்து நூற்றிருபது டாலருக்குள் உருப்படியானது கிடைக்கும்.

தொங்குகிறதே என்று இறுக்கிக்கொண்டே போவதும் வேண்டாம். இடுப்பில் இறுகிய பெல்ட் தொடையின் வெளிப்பக்கத்துக்குப் போகும் நரம்பை நசுக்கி, அங்கே மரத்துப்போகவும் எரியவும் செய்யும். கனமான பெல்ட் கட்டும் போலீஸ்காரர்களிடம் மருத்துவர்கள் பார்த்துப் பழகிய தொல்லைதான் அது. பெல்ட் சரியாக இருந்தால் அவ்வளவு இறுக்க வேண்டிய அவசியமே வராது.

கழிப்பறை

யாரும் பேசக் கூச்சப்படுகிற இடம், ஆனால் விபரீதங்கள் நடப்பது இங்கேதான். பக்கிளைக் கழற்றிய மறுகணம், துப்பாக்கியின் பாரம் பேன்ட்டைத் தரைக்கு இழுக்கும். பதறிப்போய் துப்பாக்கியை உருவி, டிஷ்யூ பெட்டியின் மேலே வைத்துவிட்டு, மறந்து போய்விடுகிறவர்கள் உண்டு. அடுத்து உள்ளே வருவது ஒரு குழந்தையாகவும் இருக்கலாம். துப்பாக்கியை உறையை விட்டு எடுக்கவே வேண்டாம். பேன்ட்டை இறக்கியதும் முழங்கால் உயரத்தில் பக்கிளை மறுபடி பூட்டிவிடுங்கள். விறைப்பான பெல்ட் என்றால் அது அங்கேயே வளையமாக நிற்கும், உறை சாயாது. பக்கத்துத் தடுப்பின் அடிச் சந்து வழியாகத் தெரிகிறதா என்று மட்டும் ஒருமுறை குனிந்து பார்த்துக்கொள்ளுங்கள்.