மது ஆராய்ச்சி மையத்தின் பொதுப் பிரிவுகள்: எங்கெல்லாம் சறுக்குகிறது?

மது ஆராய்ச்சி மையத்தில் ஒரு குழு எலிகளின் மூளையை ஆராயும், இன்னொன்று மனிதர்களின் குடிப்பழக்கத்தை ஆண்டுக்கணக்கில் பின்தொடரும், வேறொன்று சிகிச்சைகளைச் சோதிக்கும். இவை எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒரு நிர்வாகப் பிரிவும், புள்ளியியல், மாதிரிச் சேமிப்பு, விலங்குக் கூடம் போன்ற அறிவியல் பிரிவுகளும் இருக்கும். ஆராய்ச்சி வட்டாரத்தில் இவற்றைக் ‘கோர்’ என்பார்கள். கோர் என்றால் வேலை முடிந்தபிறகு போய் நிற்கும் கவுன்ட்டர் என்று குழுக்கள் நினைப்பதுதான் பெரும்பாலான குழப்பங்களுக்கு வேர்.

முதலில் அளவைப் பார்ப்போம். ‘ஒரு டிரிங்க்’ என்பது அமெரிக்காவில் 14 கிராம் ஆல்கஹால், ஆஸ்திரேலியாவில் 10 கிராம். பிரிட்டனில் ஒரு ‘யூனிட்’ 8 கிராம்தான். 5 சதவீத பீர் 500 மில்லி குடித்தால் உடலுக்குள் போவது ஏறக்குறைய 20 கிராம். அமெரிக்கக் கணக்கில் அது ஒன்றரை டிரிங்குக்குக் கொஞ்சம் குறைவு, பிரிட்டன் கணக்கில் இரண்டரை யூனிட். ஒவ்வொரு திட்டமும் தன் வசதிக்கு ஒரு கேள்வித்தாளை வைத்துக்கொண்டு, ‘வாரத்துக்கு 10’ என்று மட்டும் பதிந்து வைத்தால், பிறகு தரவுகளை ஒன்றுசேர்க்க வழியே இல்லை. எந்த மது, எத்தனை மில்லி, எத்தனை சதவீதம் என்று எழுதி வாங்கிவிட்டு, கிராமாக மாற்றும் வேலையைத் தரவுப் பிரிவிடம் ஒரே சூத்திரத்தில் விட்டுவிட வேண்டும்.

அப்புறம் ரத்த மாதிரிகள். பணம் கரைவது இங்கேதான், அதுவும் சத்தமில்லாமல். சில வாரங்களாகக் குடித்த அளவைக் காட்டும் ‘பெத்’ என்ற குறியீட்டுப் பொருள் சிவப்பணுக்களின் சவ்வில் இருக்கிறது. சேமிப்புப் பிரிவு வழக்கம்போல மாதிரியைச் சுழற்றி, சீரத்தை (ரத்த அணுக்கள் நீங்கிய தெளிந்த திரவத்தை) மட்டும் எடுத்து வைத்துவிட்டு மீதியைக் கொட்டிவிட்டால் பெத்தும் போயிற்று. முழு ரத்தமாகவே வைத்தாலும் ஆபத்து தீர்ந்துவிடாது. ரத்தம் கொடுத்தவர் அன்று குடித்திருந்தால், குழாயில் இருக்கும் ஆல்கஹாலிலிருந்து பெத் தொடர்ந்து உருவாகும். அறை வெப்பநிலையில் மட்டுமல்ல, மைனஸ் 20 டிகிரியிலும் இது நடப்பதைப் பார்த்திருக்கிறார்கள். அதனால் நீண்டகாலச் சேமிப்புக்கு மைனஸ் 80 தான் சரி. ரத்தம் எடுத்த நேரம், உறைய வைத்த நேரம் இரண்டும் குழாயோடு சேர்ந்தே பதிவாக வேண்டும். ரத்தத்தில் ஆல்கஹால் அளவைப் பார்க்கப் போகிறோம் என்றால், ஊசி போடும் இடத்தைத் துடைக்க ஸ்பிரிட் பஞ்சு கூடாது. கேட்டால் சிரிப்பு வரும், ஆனால் செவிலியரிடம் யாராவது முன்கூட்டிச் சொன்னால்தானே!

விலங்குக் கூடத்திலும் இப்படித்தான். சி57பிஎல்/6ஜே வகைச் சுண்டெலி மதுவை விரும்பிக் குடிக்கும், டிபிஏ/2ஜே கிட்டத்தட்டத் தொடாது. 6ஜே, 6என் என்ற நெருங்கிய உறவினங்களுக்குள்ளேயே குடிக்கும் அளவு வேறுபடுகிறது. ஆகவே விலை குறைவு என்று நடுவில் வேறு இடத்தில் சுண்டெலி வாங்குவது நிர்வாக முடிவு அல்ல, அறிவியல் முடிவு. சுண்டெலிகள் இருட்டில் எவ்வளவு மது குடிக்கின்றன என்று பார்க்கும் சோதனையை விளக்கு அணைந்து மூன்று மணி நேரம் கழித்துத்தான் தொடங்குவார்கள். அந்த நேரம் பார்த்துக் கூண்டு மாற்ற ஒருவர் விளக்கைப் போட்டால் அன்றைய எண்கள் வீண்.

புள்ளியியலாளரைக் கடைசியில் கூப்பிடுவது பற்றி நிறையச் சொல்லத் தேவையில்லை. குடிப்பழக்கத் தரவில் பூஜ்ஜியங்கள் குவிந்திருக்கும், ஒரு சிலர் மட்டும் மிக அதிகமாகக் குடிப்பார்கள். சராசரி எடுத்து ஒப்பிட்டால் போதும் என்பவர்களைத் தடுக்க வேண்டிய நேரம் திட்டம் எழுதும் நாள்.

மனிதர்களோடு நடக்கும் ஆய்வில் ஒரு தவறு உயிருக்கே உலை வைக்கும். நேர்காணலுக்கு வருபவர் போதையில் இருக்கக்கூடாது என்பது நியாயமான விதிதான். போதையில் கொடுக்கும் ஒப்புதல் ஒப்புதலே ஆகாது. ஆனால் தினமும் மிக அதிகமாகக் குடிப்பவரிடம் வரவேற்பில் இருப்பவர், “இரண்டு நாள் தொடாமல் வாருங்கள்” என்று சொல்லி அனுப்பிவிட்டால்? திடீரென நிறுத்துவதால் வலிப்பும் கடும் மனக்குழப்பமும் வரலாம். விலகல் அறிகுறிகளை அளக்கத் தெரிந்த ஊழியரும், கூப்பிட்டால் வரும் மருத்துவரும் எல்லாத் திட்டங்களுக்கும் பொதுவாக இருக்க வேண்டும்.

ஒப்புதல் படிவத்தில் இன்னொரு ஓட்டை உண்டு. ஒவ்வொரு திட்டமும் தனக்கு மட்டும் பொருந்துகிற மாதிரி எழுதிக்கொள்ளும். மூன்று ஆண்டு கழித்து அடுத்த குழு அதே ரத்தத்தைக் கேட்டால் தர முடியாமல் போகலாம். பகிர்வதற்கான வரி முதல் நாளே படிவத்தில் இருக்க வேண்டும். கூடவே ரகசியமும் முக்கியம். ஒருவரின் குடிப்பழக்கம் வெளியே தெரிந்தால் வேலையோ குழந்தையின் பொறுப்போ கைவிட்டுப் போகலாம். அமெரிக்க அரசின் மருத்துவ ஆராய்ச்சி அமைப்பான என்ஐஎச்சின் நிதி பெறும் இத்தகைய ஆய்வுகளுக்கு 2017 முதல் ரகசியக் காப்புச் சான்று தானாகவே கிடைக்கிறது; பங்கேற்பாளரின் விவரங்களை நீதிமன்றம் கேட்டாலும் தர மறுக்க அது உதவும். ஆனால் பெயர்ப் பட்டியலை மின்னஞ்சலில் அனுப்பும் ஊழியரை அந்தச் சான்று தடுக்காது.

நிர்வாகப் பிரிவு கூச்சப்படும் விஷயம் பணம் எங்கிருந்து வருகிறது என்பது. அளவான குடி இதயத்துக்கு நல்லதா என்று பார்க்கத் தொடங்கிய பெரிய ஆய்வொன்றை 2018-ல் என்ஐஎச் நிறுத்தியது. மது நிறுவனங்களிடம் என்ஐஎச் ஊழியர்களே நிதி தேடியது தெரியவந்ததும், ஆய்வின் நம்பகத்தன்மையே கேள்விக்குள்ளானதுதான் காரணம். நன்கொடைகளைச் சலிக்கும் வேலையை இயக்குநர் ஒருவர் தலையில் கட்டாமல், வெளியாட்கள் உள்ள ஆலோசனைக் குழுவிடம் கொடுக்கலாம். அந்தக் குழுவில் இயக்குநரின் பழைய நண்பர்கள் மட்டுமே இருந்தால் அப்படி ஒரு குழு இருந்தும் பயனில்லை.

கருவிக்கு யார் முதலில் என்ற சண்டைக்கும் எழுதப்பட்ட வரிசை விதி வேண்டும், இல்லாவிட்டால் இயக்குநரின் திட்டம்தான் எப்போதும் முன்னால் நிற்கும். நிதிக்காலம் முடிந்தால் உறைபெட்டியில் இருக்கும் ஆயிரக்கணக்கான குழாய்கள் யாருடையவை, மின்கட்டணத்தை யார் கட்டுவது என்பதையும் முதல் ஆண்டிலேயே எழுத்தில் முடித்துவிடுங்கள்.